கொல்லையில் கல்சுவர் எடுத்த கதை

எங்க ஊர் நீடாமங்கலம் பக்கம். வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கிட்டு உக்காந்திருந்தப்ப, யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரர் தனியாளா நிலவறைக்குக் கல்சுவர் எடுக்கறதைப் பார்த்துத் தொலைச்சேன். கருணைக்கிழங்கு, விதை மஞ்சள் வைக்க நம்ம கொல்லையிலயும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு பங்குனியில ஆறடிப் பள்ளம் வெட்டினேன்.

கல்லுக்கு எங்க போறது? நம்ம மண்ணுல காக்கா விரட்டக்கூடக் கல்லு கெடைக்காது. ராஜராஜனே பெரிய கோயிலுக்கு வெளியிலேர்ந்துதான் கொண்டுவந்தான். நான் புதுக்கோட்டைப் பக்கத்திலேர்ந்து டிப்பர்ல ரெண்டரை யூனிட் எறக்கினேன். கல்லு வெலையைவிட வண்டி வாடகை ஜாஸ்தி.

சிமெண்ட் கெடையாது, கல்லு மேல கல்லுதான். ஒன்றரை அடி கனம். ஒரு கல்லைப் புரட்டிப் புரட்டி, எந்த முகம் வெளியில வரணும்னு முடிவு பண்ணவே கால் மணி ஆகும். நல்லா உக்காந்த கல்லைச் சுத்தியால தட்டினா கணீர்னு கேக்கும். ஆடுற கல்லு பொத்துன்னு கேக்கும், அடியில சில்லு சொருகணும். சந்துக்கு மேல சந்து வந்துடக் கூடாது, அதே கோட்டுல சுவர் பொளந்துக்கும். இடது கட்டைவிரல் நகம் அந்தக் கணக்குல போச்சு.

நாலு பக்கமும் அஞ்சடி ஏறினப்ப பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தார். “ஏண்டா தம்பி, நம்ம வீட்டு நெல்லு கொட்டற பத்தாயம் எதுக்குக் கால் மேல நிக்குது?”ன்னு கேட்டார். பதிலுக்குக்கூட நிக்கல, வெத்தலையைக் குதப்பிக்கிட்டே போயிட்டார்.

ஜூன் 12 மேட்டூர் தெறந்தாங்க. எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்ததும் பள்ளத்தடியில ஈரம். ஐப்பசி மழையில முழங்கால் தண்ணி. அதுகூடப் பரவால்ல. கோடையில வெடிச்சுக் கெடந்த களி, தண்ணி குடிச்சு ஊதி, வடக்குச் சுவரைத் தொப்பை மாதிரி உள்ள தள்ளிடுச்சு. வெட்டின களியையே சுவருக்குப் பின்னாடி திரும்பக் கொட்டினது என் முட்டாள்தனம்.

தையில பிரிச்சு, பின்னால ஒரு அடிக்கு ஜல்லியும் மணலும் நெரப்பி, சுவரை மண்ணுப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சு மறுபடி எடுத்தேன். இப்ப அசையல. ஆனா அது நிலவறை இல்ல, கல்லுக்குட்டை. கீரைப் பாத்திக்கு அதுலதான் தண்ணி மொள்றோம். கிழங்கு பரண் மேல இருக்கு.

கும்பகோணத்துலேர்ந்து ஒருத்தர்:
எங்க வாய்க்கால் கரைச் சுவர் சிமெண்ட் வச்சது, கசிய ஓட்டை விடல. வாய்க்கால் நெறைஞ்சு ஓடினவரைக்கும் நின்னுச்சு. தண்ணி நிறுத்தின மறுவாரம், பின்னால ஊறின மண்ணு தள்ளி அப்படியே சாஞ்சுது. இப்ப நாலடிக்கு ஒரு பைப். மண்ணுப் பக்கம் பைப் வாயில ஜல்லி வைங்க, இல்லாட்டி மண்ணு அடைச்சுக்கும். அண்ணே, பிரிச்சப்ப கல்லுக்கு நம்பர் போட்டீங்களா?

நீடாமங்கலம்:
சாக்பீஸால போட்டேன் தம்பி. ராத்திரிப் பனியில பாதி அழிஞ்சுபோச்சு.