ரொறன்ரோக் கல்யாணத்துக்கு யார் யாருக்கு என்ன வேண்டும்: எங்கள் வீட்டுக் குழு

வெள்ளி, 13 ஜூன் 2025

தம்பி, மாலை 7:12
எல்லாரும் பாருங்கள், ரொறன்ரோவில் பெரியண்ணாவின் மகளின் கல்யாணத்துக்கு ஓகஸ்ட் 18 பலெர்மோவிலிருந்து நியூயோர்க், அங்கிருந்து ரொறன்ரோ, ஆளுக்கு 640 யூரோ. ரோம் வழியாகப் போனால் 900க்கு மேல் காட்டுகிறது. இன்று இரவே போடட்டுமா? எங்களிடம் இத்தாலிப் பாஸ்போர்ட் இருக்கிறது, விசாப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

நான், மாலை 7:15
தம்பி பொறு, காசு கட்டாதே

நான், மாலை 7:21
விசா வேண்டாம் என்பது சரி, ஆனால் ஒன்றுமே வேண்டாம் என்று இல்லை. கனடாவுக்கு விமானத்தில் போகிற இத்தாலிப் பாஸ்போர்ட்காரருக்கு ஈடிஏ என்ற அனுமதி வேண்டும். நியூயோர்க்கில் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் அமெரிக்காவின் எஸ்தா என்ற அனுமதி வேண்டும், ஏனென்றால் அங்கே உள்ளே இருந்தபடியே மாறுகிற வழி கிடையாது, எல்லாரும் குடிவரவில் நின்று சோதனை முடித்துத்தான் அடுத்த விமானத்துக்குப் போகவேண்டும்.

தம்பி, மாலை 7:23
அது ஒன்லைனில் ஐந்து நிமிட வேலைதானே அக்கா

நான், மாலை 7:30
செய்வது சுகம்தான். எஸ்தா 2 வருடம் செல்லும். கனடா ஈடிஏ 7 கனடா டொலர், 5 வருடம் செல்லும், இடையில் பாஸ்போர்ட் முடிந்தால் அதோடு அதுவும் முடியும். பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் போடவேண்டும், கைக்குழந்தை என்றாலும்.
போன வருடம் நான் போனபோது ரோமில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது, நான்கு பேர், இரண்டு பெரிய பெட்டி. ஈடிஏ இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்டார்கள், அவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. அந்த அம்மா நிலத்தில் குந்தியிருந்து போனில் அதை நிரப்பினார், கை நடுங்கியது. அவர்களுக்குப் பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் உள்ளே போகும்வரை வரவில்லை. அது எங்கள் வீட்டு ஆட்களுக்கு வரக்கூடாது.

சின்னண்ணா, மாலை 7:41
தங்கச்சி நான் இப்போது அந்த எஸ்தாவைத் திறந்து பார்த்தேன். ஈரான், ஈராக், சிரியா என்று ஒரு வரிசை, போனீர்களா என்று கேட்கிறது. கடைசியில் கியூபா என்றும் இருக்கிறது. நாங்கள் 2023இல் கியூபா போனோமே, ஒரு கிழமை, கடற்கரைக்கு. அதை எழுத வேண்டுமா?

நான், மாலை 7:48
கட்டாயம் எழுத வேண்டும் அண்ணா, பொய் எழுதினால் பிறகு வாழ்க்கை முழுக்க அது பின்னால் வரும். ஆனால் உங்களுக்கும் அண்ணிக்கும் எஸ்தா சரிவராது. 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபாவில் கால் வைத்தவர்கள் விசா இல்லாமல் அமெரிக்கா போகும் திட்டத்தில் இல்லை, தூதரகத்தில் விசாவே எடுக்க வேண்டும், நேர்காணல் எல்லாம் உண்டு. ஓகஸ்டுக்குள் அதை நம்பி இருக்க முடியாது.

சின்னண்ணா, மாலை 7:50
விடுமுறைக்குத்தானே போனோம்

நான், மாலை 7:52
தெரியும் அண்ணா. இத்தாலியில் எத்தனை பேர் போகிறார்கள், பயண முகவர் ஒருவரும் இதைச் சொல்லி விற்பதில்லை, எனக்கு அதுதான் கோபம்.

தம்பி, மாலை 7:55
சரி, அப்படியென்றால் நியூயோர்க் வேண்டாம். அண்ணா இல்லாமல் நாங்கள் மட்டும் போய் என்ன

நான், மாலை 8:04
அம்மாவுக்கும் நியூயோர்க் சரிவராது தம்பி, இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். 2017இல் வந்தவர், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 10 வருடம் ஆகவேண்டும். சொஜோர்னோ என்ற வதிவிட அனுமதி இருப்பதால் இத்தாலியில் இருக்கலாம், திரும்பி வரலாம், ஷெங்கன் நாடுகளுக்குள் 90 நாள் போய்வரலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் விமானம் மாறக்கூட அம்மாவுக்கு விசா வேண்டும். கனடாவுக்கும் விசா வேண்டும், ஈடிஏ அல்ல. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், ஆனால் விமான நிலையத்தில் அம்மா வேறு வரிசை.

அம்மா, இரவு 8:10
எனக்காக ஒருவரும் கஷ்டப்பட வேண்டாம். நீங்கள் போய் வாருங்கள். வீடியோவில் பார்க்கிறேன்

பெரியண்ணா, இரவு 8:12
அம்மா அப்படிக் கதைக்காதீர்கள்

பெரியண்ணா, இரவு 8:13
மூத்த பேத்தியின் கல்யாணம். நீங்கள் இல்லாமல் நான் எப்படித் தாலி எடுத்துக் கொடுப்பேன். தங்கச்சி என்ன என்ன வேண்டும் என்று சொல், இன்று இரவே செய்கிறேன்.

நான், இரவு 8:31
அண்ணா, நீங்கள் அழைப்புக் கடிதம் எழுதுங்கள். அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், பிறந்த தேதி, எத்தனை நாள் நிற்பார், உங்கள் வீட்டில்தான் நிற்பார், செலவு உங்களுடையது, இவை எல்லாம் அதில் வரவேண்டும். அதோடு உங்கள் குடியுரிமைப் பத்திரத்தின் பிரதி, வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு, கல்யாண அழைப்பிதழ். அம்மாவின் பக்கத்துக்கு சொஜோர்னோ, கொமுனேயில், அதாவது நகரசபையில், பதிந்த குடும்பப் பத்திரம், என் சம்பளத் தாள் நான் எடுக்கிறேன். விசாவுக்கு 100 கனடா டொலர், கைரேகைக்கு 85. விண்ணப்பம் ஒன்லைனில்தான், ஆனால் கைரேகைக்கு ரோமுக்கு நேரில் போகவேண்டும்.
அம்மா திரும்பி வருவார் என்று அவர்கள் நம்பவேண்டும், அதுதான் முக்கியம். பேரப்பிள்ளைகள் இங்கே, வீடு இங்கே, வைத்தியர் இங்கே. அதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுவோம்.

லண்டன் மாமி, இரவு 8:40
பிள்ளைகளே நான் இப்போதுதான் வாசித்தேன். திரும்பும்போது மூன்று நாள் லண்டனில் நின்று போங்கள், உங்கள் அம்மாவைக் கண்டு ஆறு வருடம். இத்தாலிக்காரருக்கு இங்கே ஒன்றும் தேவையில்லைத்தானே, முந்தி தம்பி ஐடி காட்டோடு வந்தவன்.

நான், இரவு 8:47
மாமி அது பிரெக்சிற்றுக்கு முந்திய கதை. 2021 ஒக்டோபர் 1இலிருந்து ஐடி காட் எடுபடாது, பாஸ்போர்ட்தான் வேண்டும். இந்த வருடம் ஏப்ரல் 2இலிருந்து எங்களுக்கும் உங்கள் நாட்டின் ஈடிஏ வேண்டும், 2 வருடம் செல்லும். கனடா ஈடிஏயும் இதுவும் ஒரே பெயர், ஆனால் இரண்டும் வேறு, அதில் குழம்ப வேண்டாம்.
அம்மாவுக்கு பிரித்தானிய விசா தனி. கனடா விசா ஒட்ட பாஸ்போர்ட்டை அனுப்ப வேண்டியிருக்கும், அதே நேரம் இன்னொரு விசாவுக்குக் கொடுக்க முடியாது. இந்த முறை லண்டன் நடவாது மாமி.

லண்டன் மாமி, இரவு 8:52
அப்படியென்றால் நான் ரொறன்ரோவுக்கு வருகிறேன். என்னிடம் 2022இல் எடுத்த கனடா அனுமதி இருக்கிறது, 5 வருடம் என்றாயே

நான், இரவு 8:54
மாமி நீங்கள் போன வருடம் பாஸ்போர்ட் மாற்றினீர்கள் அல்லவா? அந்த அனுமதி பழைய பாஸ்போர்ட் இலக்கத்தோடு போய்விட்டது. புதிதாக 7 டொலர் கட்டுங்கள்.

லண்டன் மாமி, இரவு 8:55
ஐயோ நல்ல வேளை கேட்டேன்

நான், இரவு 9:03
எல்லாரும் இதைக் கவனியுங்கள். தேடினால் முதலில் வருகிற தளங்களில் போடாதீர்கள். போன வருடம் எனக்கு அப்படி ஒரு தளம், கொடி படம் எல்லாம் போட்டு அரசாங்கத் தளம் போலவே இருந்தது, 7 டொலர் அனுமதிக்கு 79 யூரோ எடுத்துவிட்டார்கள், என் பாஸ்போர்ட் விபரம் முழுக்க அவர்கள் கையில். அனுமதி வந்தது, காசு வரவில்லை. கனடாவுக்கு கனடா டொட் சிஏ, பிரித்தானியாவுக்கு கவ் டொட் யூகே, இந்தத் தளங்களிலிருந்தே தொடங்குங்கள். வேறு தளத்திலிருந்து போய் எதிலும் வங்கிக் காட் இலக்கம் கொடுக்க வேண்டாம். சந்தேகம் என்றால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், நடு இரவு என்றாலும் பார்க்கிறேன்.

சனி, 14 ஜூன் 2025

தம்பி, காலை 9:20
அக்கா ரோமிலிருந்து நேரடி விமானம் பார்த்தேன், ஆளுக்கு 930. எல்லாரும் ஒன்றாகப் போகலாம், அம்மாவும் ஏறி இறங்கத் தேவையில்லை.

நான், காலை 9:24
அதையே எடுப்போம். அம்மாவின் ரிக்கற் விசா வந்த பிறகு. சின்னவனின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்தாயா?

தம்பி, காலை 9:31
அவனுக்கு 10 வருடம் இருக்குமே

நான், காலை 9:33
பெரியவர்களுக்குத்தான் 10. மூன்று வயதுக்குள் எடுத்தால் 3 வருடம், மூன்றிலிருந்து பதினெட்டுக்குள் 5 வருடம். போய்ப் பார்

தம்பி, காலை 9:37
ஓகஸ்ட் 5 😟

நான், காலை 9:41
அப்போது அவனுக்கு முதலில் புதுப் பாஸ்போர்ட், பிறகுதான் ஈடிஏ. பாஸ்போர்ட் கொடுக்கிற பொலிஸ் அலுவலகமான கெஸ்தூராவுக்கு, ஸ்பிட் என்ற இணைய அடையாளக் கணக்கை வைத்து இப்போதே நேரம் எடு. தாய் தகப்பன் இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும், மனைவி அன்று வேலை என்றால் லீவு போடச் சொல். 42.50 யூரோ கட்டிய சிட்டையும் 73.50 யூரோ வரி முத்திரையும் முதல் நாளே வாங்கி வை.

சின்னண்ணா, காலை 10:15
நேற்று இரவு முழுக்க ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் யாழ்ப்பாணம் போகிறேன், அதற்கும் இணையத்தில் அனுமதி எடுக்கவேண்டும், முதலில் 30 நாள்தான். இத்தாலிக் குடியுரிமை எடுத்த அன்று இலங்கைக் குடியுரிமை போய்விட்டது, இரட்டைக் குடியுரிமைக்கு நான் எழுதிப் போடவில்லை. பிறந்த வீட்டுக்குப் போக, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதியிருக்கிற பாஸ்போர்ட்டை வைத்து, சுற்றுலா என்று நிரப்ப வேண்டியிருக்கிறது. கை போகவில்லை.

நான், காலை 10:19
எனக்கும் அப்படித்தான் இருந்தது அண்ணா. இரட்டைக் குடியுரிமைக்கு இப்போதும் போடலாம், கல்யாணம் முடியட்டும், இருவரும் சேர்ந்து போடுவோம்.

புதன், 25 ஜூன் 2025

நான், மாலை 6:05
அம்மாவின் விண்ணப்பம் போய்விட்டது, கைரேகைக் கடிதமும் வந்துவிட்டது. திங்கள் காலை ரோமில் நேரம். ஞாயிறு இரவு பஸ்ஸில் நானும் அம்மாவும்.

பெரியண்ணா, மாலை 6:09
கடவுளே நன்றி. அம்மா பயப்படாதீர்கள்

அம்மா, மாலை 6:20
பயம் இல்லை. ஆனால் இத்தனை வருடம் பாத்திரம் கழுவி விரல் எல்லாம் தேய்ந்து கிடக்கிறது. ரேகை விழாவிட்டால் என்ன செய்வது

நான், மாலை 6:22
சொஜோர்னோவுக்கு எடுத்தபோது விழுந்ததுதானே அம்மா. விழாவிட்டால் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். இன்றிலிருந்து ஞாயிறுவரை கழுவுவதை நான் பார்க்கிறேன், நீங்கள் இரவில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு படுங்கள்.

லண்டன் மாமி, மாலை 6:24
எண்ணெயோடு கொஞ்சம் மெழுகும் உருக்கிப் போட்டால் நல்லது மச்சாள்

அம்மா, மாலை 6:26
ஓம். பூசுகிறேன்