மறு: நெல்லு 'டொமெஸ்டிகேஷன்' - தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பு பிள்ளைங்களுக்கு நெல்லோட பூர்வீகம் பத்தி ஒரு வீடியோ, அதுக்கு சப்டைட்டில் எழுதிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். டொமெஸ்டிகேஷன்ல, அதாவது காட்டுச் செடி பயிரா மாறுறதுல, வந்து நின்னுட்டேன். 'வீட்டுப்படுத்தல்'னு போட்டா நெல்லுக்கு ஒட்டவே மாட்டேங்குது. காட்டு நெல்லுல மணி முத்தினதும் தானா கொட்டிடும், நம்ம நெல்ல அடிச்சாத்தான் கொட்டும், இந்த மாற்றம் முழுசுக்கும் ஒரு சொல் வேணும்.

---

தம்பி, யானையைப் பழக்குறோம், மாட்டைப் பழக்குறோம், நெல்லையும் பழக்கினோம். 'பழக்குதல்' போதும், பிள்ளைங்களுக்கும் உடனே புரியும்.

---

> 'பழக்குதல்' போதும்

ஐயா மன்னிக்கணும், அது கலைச்சொல்லா நிக்காது. மூலச்சொல்லுல வீடுங்கிற பொருள் இருக்கு, அதனால 'மனைப்படுத்தல்'. சிலர் 'வசப்படுத்தல்'னு எழுதுறாங்க, வசம் வடசொல், வேண்டாம். புறநானூறு 109ல கபிலர் 'உழவர் உழாதன'ன்னு சொல்றாரே, அதுலேர்ந்து காட்டு நெல்லுக்கு 'உழாநெல்'னே வைக்கலாம்.

---

அந்தப் பாட்டுல வர்றது மூங்கில் நெல்லு அக்கா, செடியே வேற. காட்டு நெல்லுக்கு நம்மகிட்ட குளநெல்லுன்னு பேர் இருக்கு. போன மாசம் ஏரிக்கரையில ஒரு கதிரைப் பிடிச்சேன், கை பட்டதுமே பாதி மணி தண்ணிக்குள்ள போயிடுச்சு. மிச்சத்தை பூதக்கண்ணாடியில பார்த்தா காம்பு விட்ட இடம் வட்டமா வழவழன்னு இருக்கு, பக்கத்துல பொன்னி நெல்ல வச்சா அதே இடம் பிய்ச்செடுத்த மாதிரி சொரசொரன்னு கிழிஞ்சிருக்கு. சீனாவுல யாங்சி ஆத்தோட கீழ்ப்பகுதியில தியென்லுவோஷான்ங்கிற இடத்துல தோண்டினவங்க இதே அடித்தழும்பைத்தான் எண்ணினாங்க. சுமார் 6,900 வருஷம் முன்னாடி அங்க உதிராத வகை 27 சதவீதம், 300 வருஷம் கழிச்சு 39 சதவீதம். அவ்வளவு மெதுவா.

இங்கதான் என் ஆட்சேபணை. 'பழக்குதல்', 'மனைப்படுத்தல்' ரெண்டும் பிறவினை, யாரோ ஒருத்தன் திட்டம் போட்டு செஞ்ச மாதிரி இருக்கு. அறுக்கிறப்ப கொட்டாம கதிர்லயே தங்கின மணிதான் வீட்டுக்கு வந்துச்சு, அதுதான் மறு வருஷம் விதையாச்சு, ஜனங்க உதிராததா தேடி எடுக்கணும்னுகூட இல்ல. அப்ப தன்வினைதானே சரி? 'பழகல்'. ஒரு க் தான் வித்தியாசம். நெல்லுக்குள்ளயும் அப்படித்தான், நாலாவது குரோமோசோம்ல எஸ்எச்4ங்கிற ஜீன், அதுல ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறினதுல உதிர்றது வெகுவா குறைஞ்சுதுன்னு 2006ல கண்டுபிடிச்சாங்க.

---

குரோமோசோம்னு எழுதுறீங்களே, நிறப்புரி என்னாச்சு? அப்புறம் கிரேக்கத்துல அரிசிக்குச் சொல்ற 'ஒரைசா' நம்ம அரிசிலேர்ந்து போனது, அரி-ன்னா அறு, அரிதல், அரிவாள் எல்லாம் ஒரே வேர், அறுத்து எடுத்ததால அரிசி. அறுவடையில நடந்த மாற்றம்னு நீங்களே சொல்றீங்க, அதனால 'அரிப்பழகல்'னு வைக்கலாமே.

---

அரிசி-ஒரைசா கதையை எல்லாரும் ஒத்துக்கலீங்க, ஈரான் பக்கத்து மொழி வழியா போச்சுன்னும் சொல்றாங்க. தெலுங்குல நெற்பயிருக்கு 'வரி'ன்னு பேரு, அது தனி இழை, இன்னைக்கு ஆரம்பிக்க வேண்டாம். அரிப்பழகல்னா பிள்ளைங்க அரிப்புன்னு படிக்கும்.

---

'பழகல்'லயும் ஒரு சிக்கல். பயிர் நெல்லுல ஜப்பானிகா, இண்டிகான்னு ரெண்டு பெரிய வகை. ஜப்பானிகாவுக்குப் பூர்வீகம் யாங்சி பக்கம்னு பெரும்பாலும் ஒத்துக்கிறாங்க, இண்டிகா கங்கைச் சமவெளியில தனியா தொடங்கி அப்புறம் ஜப்பானிகா ஜீனை கலப்புல வாங்கிச்சா இல்லையான்னுதான் சண்டை. கலந்து வாங்கினதை பழகல்னு எப்படி சொல்றது? இன்னொண்ணு, நேரடி விதைப்பு வயல்ல வர்ற களை நெல்லு, அமெரிக்காவுல பார்த்த களை நெல்லுல பயிர் நெல்லோட அதே எஸ்எச்4தான் இருக்கு, ஆனாலும் உதிருது. பயிரா இருந்தது மறுபடி களையாயிடுச்சு. அதுக்கு 'பழக்கம் விடல்'னா எழுதுவீங்க? எதிர்ச்சொல்லும் வர்ற மாதிரி வேணும். பயிராதல், களையாதல். ரெண்டுமே தன்வினைதான்.

---

'பயிராதல்' எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அடுத்த பாடத்துல ஆடு, நாய் எல்லாம் வருதே, அதுங்க எப்படி பயிராகும்.

---

அப்போ வீடியோவுல நெல்லுக்கு 'பயிராதல்', முதல் தடவை வர்றப்ப மட்டும் பக்கத்துல 'காட்டுச் செடி வயல் பயிரா மாறுதல்'னு விளக்கம் போடுறேன். நாலு பேர் சரின்னிருக்கீங்க. ஆட்டுக்கு தனி இழை போடுறேன்.

---

என் ஓட்டு இன்னும் மனைப்படுத்தலுக்குத்தான். குறிச்சு வச்சுக்கோங்க தம்பி.