ராஸ்பெர்ரி பை 4-ஐ டின் ரயில் பெட்டியில் போட்டதும் ரீபூட் ஆகிறது, அவசரம்

புதுக்கம்பி:
மேஜையில் இரண்டு வாரம் நிற்காமல் ஓடிய ராஸ்பெர்ரி பை (கையளவு கணினி போர்டு). பெட்டியில் போட்டு மின் பேனலுக்குள் டின் ரயிலில் (கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டியதிலிருந்து தினமும் இரண்டு மூன்று தடவை தானாக ரீபூட் ஆகிறது. சூடுதான் காரணம். மூடியில் எத்தனை ஓட்டை போடணும், விசிறி எந்தப் பக்கம் வைக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க.

ரயில்35:
பெட்டி எத்தனை மாட்யூல் (ரயிலில் பிடிக்கும் அகல அளவு)? பவர் எங்கிருந்து வருகிறது? போர்டில் எந்த வழியாக உள்ளே போகிறது? பக்கத்தில் என்ன மாட்டியிருக்கிறீர்கள்? இவ்வளவும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

வெப்பமானி:
சூடேதான். ரயில் படுக்கையா, செங்குத்தா? பெட்டியின் துளைகள் மேலும் கீழும் இருந்தால்தான் சூடான காற்று ஏறி வெளியே போகும். செங்குத்து ரயிலில் மாட்டினால் துளைகள் இடமும் வலமுமாகத் திரும்பிவிடும், பிறகு எத்தனை போட்டும் பயனில்லை. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

பழையபேனல்:
தம்பி, பேனல் வேலை செய்கிறவர்கள் முதலில் பேனலைப் படிக்க வேண்டும். இங்கே மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். அந்த இடத்துக்கு பிஎல்சி (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) இருக்கிறது. பை படிக்கிற பிள்ளைகளுக்கான போர்டு.

ரயில்35:
அவர் கேட்டது அது இல்லையே, ஐயா.

புதுக்கம்பி:
ரயில் படுக்கைதான். 4 மாட்யூல் பெட்டி, பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் நானே 3டி பிரின்ட் செய்தது. பக்கத்தில் கான்டாக்டர் (காயிலால் இயங்கும் பெரிய ஸ்விட்ச்). பேனலில் இருக்கிற 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ்-இலிருந்து (பவர் சப்ளை) எடுக்கிறேன், மீட்டரில் 5.02 காட்டுகிறது. அதனால் பவர் பிரச்சனை இல்லை.

லேயர்லேயர்:
பிஎல்ஏ-வா? 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே ரயிலைப் பிடிக்கிற கிளிப் தன் விறைப்பை இழந்துவிடும். இன்னும் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான பெட்ஜி-யில் போடுங்கள், இல்லையென்றால் ஏஎஸ்ஏ.

வெப்பமானி:
பெட்ஜி-யும் 80 பக்கம் இளகும். ஏஎஸ்ஏ மட்டும்தான்.

லேயர்லேயர்:
பேனலுக்குள் காற்றே 80 டிகிரி போனால் பை முதலில் போய்விடும், நண்பரே. என் பெட்ஜி கிளிப் மூன்று வருடமாக அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளிப்பைப் படுக்க வைத்து பிரின்ட் செய்யணும். நிற்க வைத்தால் வளைகிற இடத்தில் லேயர் லேயராகப் பிரியும்.

வெப்பமானி:
மூன்று வருடமும் நிழலில் இருந்த பேனலாக இருக்கும்.

ரயில்35:
கிளிப் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கம்பி, 5.02 எங்கே வைத்துப் பார்த்தது? எஸ்எம்பிஎஸ் டெர்மினலிலா, போர்டிலா? 4 மாட்யூல் என்றால் 70 மி.மீ. அகலம். போர்டு 56. இரண்டு பக்கமும் 7 மி.மீ.தான் மிச்சம், யுஎஸ்பி-சி பிளக் அதில் வளையாது. அப்படியானால் போர்டின் பின்களில் (ஊசி முனைகளில்) தானே பவர் கொடுத்திருக்கிறீர்கள்? எந்தக் கம்பியில்?

புதுக்கம்பி:
ஆமாம், பின் 2 (5 வோல்ட்), பின் 6 (கிரவுண்ட்). ஜம்பர் கம்பி, ஒரு சாண் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு மீட்டருக்கு மேல் 0.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர். மீட்டர் வைத்தது எஸ்எம்பிஎஸ்-இல்.

ரயில்35:
அங்கேதான் இருக்கிறது. பை ஓடிக்கொண்டிருக்கும்போதே, யுஎஸ்பி-யில் இருப்பதையெல்லாம் வேலை செய்ய விட்டு, பின் 2-க்கும் 6-க்கும் நடுவே அளந்து பாருங்கள். மீட்டர் முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் போர்டு போய்விடும், நிதானமாகச் செய்யுங்கள். வோல்டேஜ் குறைந்ததா, வேகம் குறைந்ததா என்று பை-யிடம் கேட்கும் கெட்_த்ராட்டில்டு கட்டளை என்ன எண் தருகிறது என்றும், வெப்பநிலை எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.

புதுக்கம்பி:
4.55. எண் 0எக்ஸ்50005. வெப்பம் 58.

ரயில்35:
58 ஒன்றுமில்லை. பை 80-ஐ நெருங்கினால்தான் வேகத்தைக் குறைக்கும். அந்த எண்ணின் கடைசி 5-ஐ 4 + 1 என்று பிரியுங்கள். 1 என்றால் இந்த நிமிஷமே வோல்டேஜ் குறைவு, வரம்பு 4.63. முன்னால் இருக்கிற 5, பூட் ஆனதிலிருந்து அப்படி நடந்திருக்கிறது என்று சொல்கிறது. அரை வோல்ட்டை ஒயரும் ஜம்பரும் சாப்பிட்டுவிட்டன. ஜம்பரின் நுனியைப் பிடித்துப் பாருங்கள், தலைமயிர் மாதிரி நாலு இழை இருக்கும். ஒன்றரை ஆம்பியருக்கு அது ஆகாது. மேஜையில் அதன் அடாப்டரில் ஓடியதால்தான் தெரியவில்லை. அந்த அடாப்டரே 5.1 வோல்ட்.

பழையபேனல்:
எஸ்எம்பிஎஸ்-இல் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரிம் ஸ்க்ரூ இருக்கிறது. 5.5-க்கு ஏற்றினால் முடிந்தது.

ரயில்35:
வேண்டாம், ஐயா. லோடு குறைகிற நேரத்தில் அந்த 5.5 அப்படியே போர்டுக்குப் போகும், பின் வழியாக என்றால் தடுக்க ஒன்றுமில்லை. பேனலில் 24 வோல்ட் இருந்தால் அதைப் பெட்டி வரை கொண்டுவந்து, உள்ளேயே 5-ஆக மாற்றுவது நல்லது. அதே வாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கரன்ட்தான் ஒயரில் ஓடும். முன்னால் ஒரு ஃபியூஸ். ஒயர் நுனிக்கு 'பின் லக்' (ஊசி மாதிரி உலோக முனை) அடித்து டெர்மினலில் இறுக்குங்கள். கான்டாக்டர் அணையும்போது வரும் மின் அதிர்வை அடக்க அதன் காயிலுக்கும் டையோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிசி காயில் என்றால் டையோடு, ஏசி என்றால் ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தது).

புதுக்கம்பி:
24-க்கு மாற்றிவிட்டேன். ஜம்பரைத் தூக்கி எறிந்தாயிற்று. ஒயரைக் கழற்றும்போது பார்த்தால் ஒரு டெர்மினலில் ஸ்க்ரூ செம்பைப் பிடிக்காமல் ரப்பரைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. இப்போது போர்டில் 5.08. மூன்று நாளாக நிற்கவில்லை, எண் 0எக்ஸ்0. நன்றி அண்ணா.

லேயர்லேயர்:
ஃபியூஸ் போட்டீர்களா? கிளிப் இன்னும் பிஎல்ஏ-தானா?