மறு: ‘ஒட்டு ஒவ்வாமை’க்கு வேறு சொல், வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஞாயிறன்று கோபியில் வீட்டுத்தோட்ட வகுப்பு. துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒட்டுக் கட்டிய இரண்டு செடிகள் இயல்பிலேயே ஒன்றோடொன்று சேராமல் போவதற்கு அதில் ‘ஒட்டு ஒவ்வாமை’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த அம்மா ஒருவர், “ஒட்டுக் கட்டுனா கை அரிக்குமுங்களா?” என்று கேட்டார். அந்தச் சொல்லை அன்றே அடித்துவிட்டேன்.

வேறு சொல் கேட்டதற்கு நம் குழுவில் ஐயா சொன்ன ‘ஒட்டாமை’ அழகான சொல். 826ஆம் குறளில் நண்பரான நட்டாருக்கு எதிராகப் பகைவரான ஒட்டார் வருவது நல்ல சான்று. ஆனால் அந்த நட்டாரை நாற்று நடுவதோடு சேர்த்து நான்கு மடல் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. நட்பின் நட்டார் ‘நட்புக்கொள்’ என்ற பொருளுள்ள ‘நள்’ளில் பிறந்தவர். நாற்றங்காலுக்கும் அவருக்கும் உறவில்லை. அந்த அதிகாரம் கூடாநட்பு என்பதால் ‘கூடா ஒட்டு’ என்றார் இன்னொருவர். ‘செய்யக்கூடாத ஒட்டு’ என்றுதான் படிப்பார்கள்.

கன்றில் கட்டும் குச்சி காய்ந்தாலும், இரண்டின் பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசுவும் நேர்ப்படாவிட்டாலும், கட்டுக்குள் தண்ணீர் இறங்கினாலும் ஒட்டுப் பிடிக்காது. அது கட்டியவர் பிழை. நமக்கு வேண்டியது செடிகளின் இயல்புக்கான சொல். போன ஆடியில் மாங்கன்றில் மாங்குச்சியும் நாவல் கன்றில் கொய்யாக் குச்சியும் ஒரே நாளில், ஒரே கத்தியால் சீவிக் கட்டினேன். மா பிடித்தது. கொய்யாவும் தன் சேமிப்பில் இரண்டு இலை விட்டு, மூன்றாம் வாரம் கருகியது. நாடாவைப் பிரித்தால் வெட்டுவாய் இரண்டும் பழுப்பேறித் தனித்தனியாகக் கிடந்தன. நாவலும் கொய்யாவும் ஒரே குடும்பம்தான். ஆனாலும் பிடிக்கவில்லை. சப்போட்டாவோ தன் குடும்பத்துப் பாலை மரத்தில் பிடிக்கிறது.

இன்னொன்று: சில ஒட்டுகள் பல வருடம் நன்றாக வளர்ந்து, அப்புறம் ஒரு காற்றில் ஒட்டுவாயிலேயே முறியும். ஒட்டி வளர்ந்ததை ‘ஒட்டாமை’ என்று எப்படிச் சொல்வது?

அதனால் ‘ஒட்டுப் பொருத்தமின்மை’ என்கிறேன். நீளம்தான். ஆனால் ‘பொருத்தம் பாத்துக் கட்டோணுமுங்க’ என்றால் எங்கள் ஊரில் விளக்கமே வேண்டாம். எதிர்ப்பக்கத்துக்கு ‘ஒட்டுப் பொருத்தம்’ என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது. பொள்ளாச்சி நண்பரின் ‘ஒட்டுப்பகை’ சுருக்கமானது. ஆனால் இரண்டு செடியும் ஒன்றையொன்று தாக்குவதாகத் தோன்றிவிடும்.

இதுவரை ஐந்து பேர் பொருத்தமின்மைக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் ‘வேறு வழியில்லாமல்’ என்று சேர்த்து. ஐயா ஒட்டாமையை விடுவதாக இல்லை. வியாழன் இரவு வரை பார்க்கிறேன்.