வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: எது பொருந்தும், எந்தத் தோட்டா சரி?

கேள்வி: செம்பனைக்காட்டு மகன், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய தோட்டத்தை ஒட்டிய ஐந்து ஏக்கர் செம்பனை நிலத்தில் தனியாகக் குடியிருக்கிறார்கள். வீட்டின் கீழ்ப்பாதி கல், மேல்பாதி பலகை. வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அடுத்த வீடு. அண்மையில் எங்கள் வட்டாரத்தில் இரவில் பூட்டை உடைத்துப் புகுந்து, பாராங் கத்தியைக் காட்டி நகையைப் பறித்துச் சென்ற சம்பவங்கள் நடந்துவிட்டன. அன்றிலிருந்து அப்பா துப்பாக்கி உரிமம் எடுத்தே தீருவேன் என்று நிற்கிறார். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து காலமான பெரியப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதையே அப்பா பெயருக்குக் கேட்கலாமா, கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பிப்பது நல்லதா, வீட்டுக்குள் பயன்படுத்த எந்த வகைத் தோட்டா ஏற்றது என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற தோட்ட அதிகாரி

தம்பி, முதலில் கைத்துப்பாக்கி எண்ணத்தை விட்டுவிடுங்கள். உயிருக்கு வெளிப்படையான மிரட்டல் இருப்பதை நிரூபிக்க முடியாத சாதாரணக் குடிமக்களுக்கு அந்த உரிமம் கிடைப்பது மிக அரிது. நம் பக்கத்தில் தோட்டக்காரர்களிடம் உரிமத்தோடு இருப்பதெல்லாம் பெரும்பாலும் 12 போர் என்ற குழல் அளவுள்ள துப்பாக்கிதான். அதுவும் பன்றி, குரங்கு ஆகியவற்றிடமிருந்து பயிரைக் காக்கவே கொடுக்கப்படுகிறது. 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் தருவது மாநிலக் காவல்துறைத் தலைவரின் பொறுப்பு. எத்தனை தோட்டாக்கள் வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்திலேயே குறிக்கப்படும். பெரியப்பாவின் துப்பாக்கிக்கு அப்பா விண்ணப்பிக்கலாம், ஆனால் அது வாரிசுச் சொத்தாகத் தானாகக் கைமாறாது.

பழைய துப்பாக்கி என்பதால் ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். ஆங்கிலேயத் துரைமார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்தான். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 70 மில்லிமீட்டர். தோட்டாவின் நீளம் சுட்டு விரிந்த பிறகே கணக்கிடப்படுகிறது என்பதால், நீளமான தோட்டா குட்டையான அறைக்குள்ளும் எந்தத் தடையுமின்றி நுழைந்துவிடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறிக் குழலுக்கே கேடு வரலாம். குழல்களை மடக்கித் திறந்து, அவற்றைக் கழற்றி அடிப்புறத் தட்டைப் பகுதியைப் பார்த்தால் அளவு முத்திரை இருக்கும். அதை உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் ஒருவரிடம் காட்டி, குழலில் துருக்குழியோ நெளிவோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி தோட்டா. பன்றிக்கு நாம் பயன்படுத்தும் எஸ்.ஜி. என்ற பெரிய ரவைத் தோட்டாவில் வழக்கமாக 9 ரவைகள் (சிறு ஈயக் குண்டுகள்) இருக்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.4 மில்லிமீட்டர் விட்டம். பறவைக்குரிய 7 ஆம் எண் ரவை இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். எஸ்.ஜி. ரவை பலகைச் சுவரை மட்டுமன்றி அதற்கு அப்பால் இருப்பதையும் துளைத்துச் செல்லும். சிறு ரவை சுவரில் சீக்கிரம் வலுவிழக்கும் என்பது உண்மையே. ஆனாலும் மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் அதுவும் ஒரே கட்டியாகப் பாய்ந்து ஆளைக் கொல்லும், மெல்லிய பலகையையும் துளைக்கும். ஆளை நிறுத்தக்கூடியதாகவும் பலகைக்குள் அடங்கிவிடுவதாகவும் ஒரு தோட்டா கிடையாது. ஒற்றைக் குண்டுத் தோட்டாவை வீட்டுக்குள் நினைத்தே பார்க்கக் கூடாது.

ஆகவே உங்கள் வீட்டில் தோட்டாவைவிடத் திசையே முக்கியம். அப்பா படுக்கும் அறையின் வாசலில் நின்று, ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் யார் இருப்பார்கள் என்று பாருங்கள்: அம்மா படுக்கும் கட்டில், வேலிக்கு அப்பால் உள்ள வீட்டின் அடுப்படி, சாலை. கீழ்ப்பாதிக் கற்சுவரைப் பின்னணியாகக் கொண்ட ஒரே ஒரு கோணம்தான் தேறும் என்று நினைக்கிறேன். மேலும், ரவை விரிந்து போகும், குறி பார்க்கத் தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அறைக்குள் இருக்கும் தூரத்தில் ரவை உள்ளங்கையளவுக்கு மேல் விரிவதில்லை. குறி தவறினால் முழுவதும் தவறும்.

பதில் 2: ஈப்போ வழக்கறிஞர்

மேலே ஐயா சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குற்றவியல் சட்டத்தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை வழங்குகின்றன. இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், கொள்ளை, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றில் அந்த உரிமை உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளலாம் என்று 103 ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 99 ஆவது பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகக் கேடு விளைவிக்கக் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமையே எழாது. இரவில் உடைத்துப் புகுந்தவனுக்கு எதிரான உரிமை, அவனுடைய அத்துமீறல் நீடிக்கும் வரைதான். வேலியைத் தாண்டி ஓடுகிறவனைச் சுட்டால், அப்பா சாட்சிக் கூண்டிலன்றிக் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்.

உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏழாண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி வைத்திருந்ததற்கு 1971 ஆம் ஆண்டுச் சுடுகலன் கடுந்தண்டனைச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டினால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்யும் பக்காக்குக் துப்பாக்கியை மலிவு என்று யாராவது கொண்டுவந்து காட்டினால் அதைக் கையால் தொடவும் வேண்டாம். உரிமம் ஒருவர் பெயருக்குத்தான். அப்பாவுக்குக் கிடைத்த துப்பாக்கியை, தனி அனுமதி பெறாமல் நீங்கள் எடுத்துப் பயன்படுத்தவும் முடியாது.

பதில் 3: தாமான் ரோந்துக் குழு உறுப்பினர்

அண்ணா, நான் துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அப்பாவின் அச்சம் நியாயமானது. ஆனால் உரிமம் வந்தாலும் துப்பாக்கி இரும்புப் பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டில் இருக்க வேண்டும். கண்ணாடி தேடி, சாவி தேடி அப்பா எழுவதற்குள் கதவு உடைந்துவிடும். அவர்கள் இல்லாத நேரத்தில் திருடன் வந்தால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் தேடுவான். எங்கள் பகுதியில் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் மூலம் இரவு ரோந்து தொடங்கினோம். படுக்கையறைக்குக் கனமான மரக்கதவும் உள்ளிருந்து போடும் இரும்புத் தாழும் வைத்து, கைப்பேசியை அந்த அறைக்குள்ளேயே சார்ஜ் போடச் சொல்லுங்கள். சத்தம் கேட்டதும் இருவரும் அங்கே சேர்ந்து தாழிட்டு 999 ஐ அழைக்கட்டும். வாசலில் அசைவு கண்டால் எரியும் விளக்கும், குரைக்கிற நாயும் அப்பாவுக்கு நேரத்தைத் தேடித் தரும்.

செம்பனைக்காட்டு மகன்

அனைவருக்கும் நன்றி. கதவு வேலையை இந்த வாரமே ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். அறையில் நின்று பார்த்தபோது ஐயா சொன்ன கோணமும் தெளிவாகத் தெரிந்தது. கூடத்தின் இரண்டு சுவர்களுக்கு நேர் பின்னால் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் படுக்கிறார்கள். விண்ணப்பம் பற்றி அப்பாவோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் பெரியப்பாவின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அடித்தட்டில் பழைய தோட்டாப் பெட்டி ஒன்று கிடைத்தது. பித்தளைப் பகுதி பச்சைக் களிம்பு ஏறி, காகித உறை ஈரத்தில் உப்பியிருக்கிறது. இதை என்ன செய்வது?

பதில் 4: ஈப்போ வழக்கறிஞர்

தோட்டா மட்டுமே இருந்தாலும் அது உரிமமில்லாமல் வைத்திருப்பதாகவே கருதப்படும். ஆகவே நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். வாய்க்காலில் வீசவோ, குப்பையோடு எரிக்கவோ, புதைக்கவோ கூடாது. பெட்டியை அங்கேயே விட்டு, அறையைப் பூட்டிவிட்டு, துப்பாக்கியை ஒப்படைத்த அதே காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்களே வந்து எடுக்கிறார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். ஒப்படைத்ததும் காவல் புகார் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். அப்பா உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த நகல் கையில் இருப்பது நல்லது.