தாத்தா சைட்ட மூடறாங்களாம் – பெரிய வீடு குரூப்

ரமணி அத்தை: அப்பாவோட சைட் வச்சிருக்கற கம்பெனிலேர்ந்து மெயில் வந்திருக்கு. இந்த மாசக் கடைசியோட மூடறாங்களாம். யாராச்சும் பாத்தீங்களா

சித்தப்பா: எந்த சைட்

ரமணி அத்தை: அப்பா எழுதினது எல்லாம் இருக்கேடா அது!!

தீபா: ஐயோ

பெரியப்பா: என்கிட்ட எல்லாம் பத்திரமா இருக்கு. பதட்டம் வேண்டாம்.

ரமணி அத்தை: எங்க அண்ணா, அந்த பழைய கம்ப்யூட்டர்லயா

சித்தப்பா: அது ஆன் ஆகறதே இல்லன்னு அண்ணி சொன்னாங்க

பெரியப்பா: ஆகும்.

கார்த்தி: அத்தை கவலைப்படாதீங்க, பாஸ்வேர்டே வேண்டாம். வீகெட்னு ஒரு டூல், 1996லேர்ந்து இருக்கு, இலவசம், கருப்பு ஸ்க்ரீன்ல ஒரே ஒரு வரி, மிரர்னு சேத்து சைட் அட்ரஸ அடிச்சா முதல் பக்கத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு லிங்க்கா புடிச்சுப் போயி மொத்தத்தையும் இறக்கிடும், ஆனா எச்டிஎம்எல்லா, அதாவது வெப் பக்கத்தோட குறிகளோட வரும், அத வெறும் எழுத்தாக்க லின்க்ஸ்னு இன்னொண்ணு, 1992ல கான்சாஸ் யுனிவர்சிட்டில செஞ்ச ப்ரவுசர், டம்ப்னு சொன்னா கலர் கட்டம் படம் எல்லாத்தையும் விட்டுட்டு எழுத்த மட்டும் ஃபைல்ல கொட்டிடும், கீழ லிங்க் எல்லாம் நம்பர் போட்டு வரும், நோலிஸ்ட்னு சேத்தா அதுவும் வராது

சித்தப்பா: சுருக்கமா சொல்லுடா

தீபா: காப்பி பேஸ்ட் பண்ணா ஆகாதா

கார்த்தி: அத்தனை பக்கத்தையுமா?

தீபா: ஒண்ணு தொறந்தேன், ஒரே கிறுக்கல். கால் அரை முக்கால்னு பின்னமா வருது

கார்த்தி: அங்கதான் விஷயமே. தாத்தா ஆரம்பத்துல அடிச்சது இப்ப எல்லாரும் அடிக்கற யூனிகோட் இல்ல, டிஸ்கின்னு ஒரு பழைய தமிழ் எழுத்துக் குறியீடு. அந்த ஃபாண்ட் இல்லாம பாத்தா ட கால் குறியா தெரியும், ண அரை, த முக்கால். இத அப்படியே லின்க்ஸ்ல விட்டா கிறுக்கல்தான் சேவ் ஆகும். முதல்ல ஐகான்வ்னு ஒரு டூல், லினக்ஸ் கம்ப்யூட்டர்ல கூடவே வர்றது, அதுக்கு டிஸ்கி தெரியும், யூடிஎஃப் 8க்கு, அதாவது யூனிகோடுக்கு மாத்திக் குடுக்கும். அப்புறம்தான் லின்க்ஸ்

ரமணி அத்தை: அப்பா அடிச்சது ஏதும் அழிஞ்சிடாதே

கார்த்தி: அழியாது அத்தை. இறக்கினத அப்படியே தனியா வச்சுட்டு காப்பிலதான் மாத்தறேன். ஒரு பக்கம் ஆச்சு பாருங்க: "இன்று ரமணி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரே அடம். நானும் வற்புறுத்தவில்லை."

தீபா: அத்தைஐஐஐ

சித்தப்பா: எங்கள மட்டும் அடிச்சு அனுப்புவாரு

ரமணி அத்தை: படிக்க முடியல கண்ணெல்லாம் நெறஞ்சுடுச்சு. கார்த்தி அந்த வம்சாவளி பக்கம் இருக்குல்ல, அதையும் எடு

பெரியப்பா: அது தேவையில்ல.

ரமணி அத்தை: ஏன் தேவையில்ல? அதுல என் பேரும் இல்ல என் பசங்க பேரும் இல்ல. அப்பா அப்படி விடற ஆளா?

பெரியப்பா: அப்பா போட்டபடிதான் இருக்கு.

தீபா: ஃபோட்டோ எல்லாம் வருமா? ஆச்சி ஊஞ்சல்ல உக்காந்திருக்கறது

கார்த்தி: டெக்ஸ்ட்ல வராது. வீகெட்லயே பக்கத்துக்கு வேண்டிய படத்தையும் சேத்து எடுக்கச் சொல்லலாம், சொல்லியிருக்கேன். அத்தை, வம்சாவளியோட பழைய பிரதி வேபேக் மெஷின்ல, வெப் பக்கங்களோட பழைய பிரதிய சேத்து வைக்கற சைட்ல, இருக்கான்னும் பாக்கறேன், எந்த தேதியில எப்படி இருந்துச்சுன்னு தெரியும்

ரமணி அத்தை: பாரு. கண்டிப்பா பாரு

சித்தப்பா: இத புக்கா போட்டா என்ன

பெரியப்பா: செலவு யாரு?

சித்தப்பா: அப்புறம் பேசுவோம்ணா

கார்த்தி: ஓடிட்டிருக்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டு செகண்ட் விட்டு எடுக்கச் சொல்லியிருக்கேன், ஒரேடியா இழுத்தா சர்வர் நம்மள தடுத்துடும்

பெரியப்பா: முடிஞ்சதும் முதல்ல எனக்கு அனுப்பு. பாத்துட்டு மத்தவங்களுக்கு குடுக்கலாம்.

ரமணி அத்தை: எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பு கார்த்தி. இங்கயே போடு

சித்தப்பா: ஆமா இங்கயே