சனிக்கிழமைத் தூண்டில்

கதிர்: செல்வம் மாமா, சனிக்கிழமை காலை மீனா அக்காவின் பிள்ளைகளோடு கடற்கரையில் தூண்டில் போடப் போகிறேன். 12 அடி ராடு வாங்கிவிட்டேன். முடிந்த மட்டும் தூரமாக வீச வேண்டியதுதானே?

செல்வம் மாமா: தூரத்தை அப்புறம் பார்க்கலாம் மாப்பிள்ளை. முதலில் கடல் தண்ணீர் இறங்கி வற்றம் இருக்கும்போது போய், மேடான இடத்தில் நின்று தண்ணீரைப் பார். அலை வெள்ளையாக உடைகிற இடம் மணல்திட்டு. அதற்கும் கரைக்கும் நடுவே அலை உடையாமல், கொஞ்சம் கருத்துத் தெரிவது பள்ளம்.

செல்வம் மாமா: அலை மணலைக் கிளறும்போது புழு, சின்ன நண்டு எல்லாம் அந்தப் பள்ளத்தில் வந்து சேரும். கிழங்கான் மீன் அங்கேதான் மேயும். பல நேரம் உன் காலிலிருந்து 10, 15 மீட்டர்தான் இருக்கும். எடுத்த எடுப்பில் தூரமாக வீசினால் இரை மீனைத் தாண்டிப் போய் விழும்.

கதிர்: 📷 நேற்று எடுத்த படம். இடது பக்கம் அலையே உடையவில்லை. கலங்கல் தண்ணீரும் நுரையும் வாய்க்கால் மாதிரி கடலுக்குள் போகின்றன. அங்கே நிற்கலாமா?

செல்வம் மாமா: அது இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி. இரையையும் அடித்துக்கொண்டு போவதால் பாறை மீன், கொடுவா மீன் எல்லாம் அதன் ஓரத்தில் காத்திருக்கும். கரையில் நின்றபடி அந்த ஓரத்தில் வீசு. தண்ணீருக்குள் இறங்கவே கூடாது.

மீனா: மாமா, பார்க்க அமைதியாக இருக்கிறதே, பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

செல்வம் மாமா: பயம் நியாயம்தான் மீனா. பிள்ளைகளை வளைகுடாப் பக்கம் கூட்டிப் போ. அங்கே அலை குறைவு, தூண்டிலில் கனத்துக்குக் கட்ட சின்ன ஈயம் போதும். ஓடை வந்து கலக்கிற வாயில், வற்றம் தொடங்கும்போது இறாலும் பொடிமீனும் வெளியே வரும், அதைத் தின்னப் பெரியதும் வரும். அப்புறம், யாராவது இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரையேற வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவை.

கதிர்: சரி மாமா. இன்று வியாழன், உச்ச ஏற்றம் காலை 5 மணிக்கு. சனிக்கிழமையும் அதேதானா?

செல்வம் மாமா: இல்லை. நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆறரை மணி வாக்கில் இருக்கும், அட்டவணையில் ஒரு தடவை பார்த்துக்கொள். அதற்கு 2 மணி நேரம் முன்பே, தண்ணீர் ஏறும்போதே இரை உள்ளே இருக்கட்டும்.

கதிர்: ஈயம்?

செல்வம் மாமா: அலைப் பக்கம் கூம்பு ஈயம், மணலில் பிடித்து நிற்கும். உருண்டை ஈயம் உருண்டு கரைக்கே வந்துவிடும். கிழங்கானுக்கு வாய் சின்னது, சின்ன தூண்டில் முள் போடு. கொடுவாவுக்கு வட்ட முள். கொத்தியதும் சுண்டி இழுக்காதே, தூண்டில் நரம்பை இறுக்கி மெதுவாகச் சுற்று. முள் தானாக வாயோரத்தில் மாட்டும்.

செல்வம் மாமா: கொடுவா பெரிதாக விழுந்தால் விட்டுவிடு மாப்பிள்ளை. அந்த மீன் முதலில் ஆணாக வளர்ந்து பிறகுதான் பெண்ணாக மாறும். பெரியவை பெரும்பாலும் முட்டையிடுகிறவை. ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்துத் தண்ணீரில் விடு.

மீனா: கெளிறு விழுந்தால்?

செல்வம் மாமா: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று 3 விஷமுள். பிள்ளைகள் தொடவே கூடாது. குறடு கொண்டு போங்கள்.

மீனா: நீளமூக்குக் குறடு இருக்கிறது, பையில் வைத்துவிட்டேன். கதிர், பிள்ளைகளை நாலு மணிக்கே எழுப்பி வைக்கிறேன், நீ நேராக வந்துவிடு.